நேந்திரம் பழம் பொரித்தால் வெளியே கருகி உள்ளே மாவாக இருப்பது ஏன்?

கேள்வி இதுதான். கடையில் நல்ல மஞ்சளாக இருந்த நேந்திரம் பழத்தை வாங்கி, வட்டமாக நறுக்கி, மாவு எதிலும் முக்காமல் அப்படியே எண்ணெயில் பொரித்திருக்கிறீர்கள். வெளிப்பக்கம் கருகிவிட்டது, உள்ளே மாவு மாதிரி சப்பென்று இருந்தது. மறுமுறை இனிப்பு வரட்டும் என்று மேலே சர்க்கரை தூவிப் பொரித்தீர்கள். அது இன்னும் மோசமாகக் கருகி, சட்டியோடு ஒட்டிக்கொண்டது. பழம் சரியில்லையா, பக்குவம் சரியில்லையா என்று கேட்கிறீர்கள்.

பழம் நல்ல பழம்தான். நான்கு நாள் முன்னாலேயே அதை அடுப்பில் போட்டுவிட்டீர்கள், அவ்வளவுதான். கூடவே தீயும் கொஞ்சம் அதிகம்.

நான் பிறந்தது மார்த்தாண்டம் பக்கம். எங்கள் ஊரில் இதை ஏத்தன் என்போம். காயாக இருந்தால் ஏத்தங்காய், பழுத்தால் ஏத்தன்பழம். வீட்டுப் பின்கட்டில் ஒரு குலை எப்போதும் கயிற்றில் தொங்கும். மேல் சீப்பு மஞ்சளான உடனே நாங்கள் பிள்ளைகள் போய் ஆச்சியிடம் பொரித்துத் தரச் சொல்லி நிற்போம். ஆச்சி பழத்தைத் தொட்டுக்கூடப் பார்க்க மாட்டாள். “தொலி கறுக்கட்டும், பொறவு பாக்கலாம்” என்பாள். தொலி என்றால் தோல். அந்த ஒரு வரியில் உங்கள் கேள்விக்கான பதில் முக்கால்வாசி இருக்கிறது.

நேந்திரங்காயில் சர்க்கரை என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. சதையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு மாவுச்சத்து. அதனால்தான் காயை மெல்லியதாகச் சீவித் தேங்காய் எண்ணெயில் போட்டால் அப்படி மொறுமொறுவென்று சிப்ஸ் வருகிறது. பழுக்கத் தொடங்கியதும் பழத்துக்குள் இருக்கும் நொதிகள் அந்த மாவைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்துச் சர்க்கரையாக்குகின்றன. வாழை எல்லாவற்றிலும் இது நடக்கும். ஆனால் வேகம் ஒன்றல்ல. ரோபஸ்டா, பச்சை நாடா போன்ற பழங்களில் தோல் மஞ்சளாகும்போதே மாவு அநேகமாகக் காலியாகியிருக்கும். நேந்திரனில் தோல் முந்திக்கொள்ளும், சதை பின்தங்கும். தோல் பளிச்சென்று மஞ்சளாக இருக்கும் அன்றைக்கு உள்ளே கணிசமான மாவு இன்னும் மாவாகவே கிடக்கும். நாமோ மற்ற வாழைப்பழங்களைப் பார்த்துப் பழகிய கண்ணால் இதையும் பார்த்து, பழுத்துவிட்டது என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

அடுப்பு இந்த இனிப்பை உண்டாக்காது. ஏற்கெனவே சதையில் இருக்கும் சர்க்கரையைச் சிவக்க வைத்து, வாசனையாக்கி, மேலே ஒரு பாகுப் பூச்சு மாதிரி கொண்டுவருவது மட்டும்தான் எண்ணெய் செய்கிற வேலை. உள்ளே சர்க்கரை இல்லையென்றால் எண்ணெய் என்ன செய்யும்? மாவைத்தான் வேக வைக்கும். நீங்கள் தின்றது அதைத்தான்.

எந்த நிலையில் பொரிப்பது என்று கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில் தப்பினால் பின்னால் சொல்லும் எதுவும் உதவாது. மஞ்சள் தோலில் முதலில் மிளகு அளவில் கறுப்புப் புள்ளிகள் விழும். பிறகு புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து திட்டாகும். தோலில் பாதி கறுத்து, பழத்தைப் பிடித்தால் கன்னத்தை அழுத்துவது போல லேசாக அமுங்கிக் கொடுக்கும்போது அது பொரிக்கத் தயார். முக்கால்வாசி கறுத்தால் இன்னும் நல்லது. காம்புப் பக்கம் அழுத்திப் பாருங்கள். நடுப்பகுதி முதலில் இளகும், கழுத்து கடைசியில்தான் இளகும். கழுத்தும் இளகிவிட்டால் சந்தேகமே வேண்டாம். தோலை உரிக்கும்போது முன்பு கெட்டியாக ஒட்டிக்கொண்டு வந்தது, இப்போது மெல்லிய காகிதம் போல நழுவி வரும். வெட்டினால் சதை வெண்மஞ்சளாக இல்லாமல் ஆரஞ்சு கலந்த மஞ்சளாக, ஓரங்களில் கண்ணாடி மாதிரி கொஞ்சம் ஒளி ஊடுருவத் தெரியும். இதுதான் அடையாளம். கத்தியில் பிசுபிசுவென்று ஒட்டும்.

சென்னை வெயிலில் கடையிலிருந்து மஞ்சளாக வாங்கிய பழம் இந்த நிலைக்கு வர எனக்கு நான்கு, ஐந்து நாள் ஆகிறது. மார்கழியில் ஒரு வாரம்கூட ஆகும். அவசரமென்றால் அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைக்கலாம், காகிதப் பையில் ஒரு ஆப்பிளோடு சுருட்டி வைக்கலாம். பழம் தானே வெளியிடும் எத்திலீன் வாயு வெளியேறாமல் அங்கேயே தங்கிப் பழுப்பதை விரைவுபடுத்தும். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டாதீர்கள், வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும்.

ஃபிரிட்ஜ் விஷயத்தில் பலரும் ஏமாறுகிறார்கள். மஞ்சள் பழத்தை ஃபிரிட்ஜில் வைத்தால் ஓரிரு நாளில் தோல் கறுத்துவிடும். அதைப் பார்த்துப் பழுத்துவிட்டது என்று நினைத்து வெட்டினால் உள்ளே கல் மாதிரி இருக்கும். வாழை வெப்ப நாட்டுப் பயிர். ஏறக்குறைய 13 டிகிரிக்குக் கீழே போனால் தோலின் திசு குளிரில் அடிபட்டுக் கறுக்கிறது. உள்ளே பழுப்பது அதோடு நின்றும்விடுகிறது. பிறகு வெளியே எடுத்து வைத்தாலும் சரியாகப் பழுக்காது. முழுதாகப் பழுத்த பிறகு வேண்டுமானால் ஃபிரிட்ஜில் வைத்து மூன்று நாலு நாள் ஓட்டலாம்.

வாங்கும்போது இன்னொன்று கவனியுங்கள். தோல் முழுக்க ஒரே சீரான எலுமிச்சை மஞ்சளாக, காம்பு மட்டும் பச்சையாக, வாசனையே இல்லாமல் இருக்கும் பழம் பெரும்பாலும் முற்றாத காயை வெட்டி அவசரமாகப் பழுக்க வைத்தது. கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது நம் நாட்டில் சட்டப்படி தடை, இருந்தும் நடக்கிறது. அறையில் அளவாக எத்திலீன் விட்டுப் பழுக்க வைப்பது அனுமதிக்கப்பட்ட முறை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் காய் முற்றாமல் வெட்டியிருந்தால் எந்த முறையில் பழுத்தாலும் அதில் இனிப்பாக மாற மாவே போதுமான அளவு இருக்காது. முற்றிய நேந்திரன் பருத்து, அதன் விளிம்புகள் கூர்மை மழுங்கி உருண்டிருக்கும். விளிம்பு கத்தி மாதிரி தெரிந்தால் வாங்காதீர்கள். திருச்சூர்ப் பக்கம் விளையும் செங்ஙாலிக்கோடன் நேந்திரனுக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. ஓணத்தை ஒட்டிக் குருவாயூர் கோயிலில் காழ்ச்சக் குலையாக, அதாவது காணிக்கைக் குலையாக, வைப்பது அதைத்தான். அது கிடைத்தால் அதிர்ஷ்டம். கிடைக்காவிட்டால் நம் குமரி மாவட்டத்து ஏத்தனுக்கு ஒரு குறையும் இல்லை.

சரி, பழம் தயார். இனி வெட்டுவது.

இரண்டு முனையையும் நறுக்கிவிட்டு, தோலின் விளிம்பில் கத்தி முனையால் நீளவாக்கில் ஒரு கீறல் போட்டு உரியுங்கள். சதையில் வெட்டு விழக்கூடாது. வட்டமாக நறுக்காமல் சாய்த்து நறுக்குங்கள். அகலமான முகம் கிடைக்கும், சிவக்கும் பரப்பு அதிகம், திருப்பவும் எளிது. கனம் ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூட, அதாவது உங்கள் சுண்டுவிரல் கனம். மெல்லியதாக நறுக்கினால் உள்ளே கூழாவதற்கு முன் வெளியே காய்ந்துவிடும். ரொம்பக் கனமாக இருந்தால் நடுவில் சூடு ஏறாது. நல்ல பருமனான இரண்டு பழம் நான்கு பேருக்குப் போதும்.

சட்டி அகலமாக, அடி கனமாக இருக்க வேண்டும். நான் தோசைக்கல் போலத் தட்டையான இரும்புச் சட்டியில் செய்கிறேன். எண்ணெய் முழுக வேண்டியதில்லை. துண்டின் பாதி உயரத்துக்கு வந்தால் போதும், ஐந்தாறு மேசைக்கரண்டி. தேங்காய் எண்ணெய்தான் இதற்கு என்று எனக்குத் தோன்றும், ஊர்ப்பழக்கம். அந்த வாசனை நேந்திரனோடு சேர்வதுபோல் வேறு எதோடும் சேராது. பிடிக்காதவர்கள் கடலை எண்ணெயில் செய்யலாம். நல்லெண்ணெய் வேண்டாம், அதன் கசப்பு மேலே வந்துவிடும்.

இப்போது தீ. நீங்கள் வடை, பஜ்ஜிக்குக் காய வைப்பது போலக் காய வைத்திருப்பீர்கள். அது 175, 180 டிகிரி. நன்கு பழுத்த பழத்துக்கு 150 போதும். காரணம் இருக்கிறது. நாம் டப்பாவில் வைத்திருக்கும் சீனி உருகிச் சிவக்க 160 டிகிரிக்கு மேல் வேண்டும். பழம் பழுக்கப் பழுக்க அதே சீனி உடைந்து குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்று இரண்டாகிறது. இதில் ஃபிரக்டோஸ் 110 டிகிரியை ஒட்டியே சிவக்கத் தொடங்கிவிடும். அதனால் கறுத்த பழம் மஞ்சள் பழத்தைவிடச் சீக்கிரம் சிவக்கும், சீக்கிரம் கருகும். நீங்கள் இரண்டாம் முறை தூவிய சர்க்கரை நேராகச் சட்டியின் அடியில் போய் உட்கார்ந்துவிட்டது. அடி இரும்பு எண்ணெயைவிடச் சூடு. அது கருகிப் பழத்தையும் பிடித்து வைத்துக்கொண்டது.

தெர்மாமீட்டர் தேவையில்லை. பழத்தின் நுனியில் நறுக்கிப் போட்ட சின்னத் துண்டை எண்ணெயில் விடுங்கள். சுற்றிலும் சிறு குமிழ்கள் சோம்பலாகக் கிளம்பி, சத்தம் தூறல் மாதிரி மெல்லக் கேட்க வேண்டும். போட்டவுடன் சடசடவென்று பொரிந்தால் சூடு அதிகம், அடுப்பை அணைத்துவிட்டு ஒரு நிமிடம் பொறுங்கள். குமிழே வராவிட்டால் இன்னும் காயட்டும். குளிர்ந்த எண்ணெயில் போட்டால் பழம் பஞ்சு மாதிரி எண்ணெய் குடிக்கும்.

துண்டுகளை ஒன்றோடொன்று தொடாமல் அடுக்குங்கள். அடுக்கிய பிறகு கையை எடுத்துவிட வேண்டும். இங்கேதான் எல்லோரும் பொறுமை இழக்கிறோம். முதல் ஒன்றரை நிமிடம் துண்டு சட்டியோடு ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். அப்போது திருப்பினால் மேல்தோல் பிய்ந்து வரும். விட்டுவிட்டால் அடிப்பக்கம் சிவந்து, பொருக்குக் கட்டி, தானாகவே விடுபடும். ஓரத்தைப் பாருங்கள். மஞ்சள் ஓரம் முதலில் தங்க நிறமாகி, பிறகு கருப்பட்டிப் பாகு நிறத்தில் ஒரு மெல்லிய கோடு விழும். அந்தக் கோடு சுற்றிலும் வந்ததும் சட்டியை லேசாக அசைத்தால் துண்டு நகரும். அப்போது தோசைத் திருப்பியால் அடியோடு எடுத்துத் திருப்புங்கள். முள்கரண்டியால் குத்தாதீர்கள், குத்திய இடத்தில் பாகு கசிந்து கருகும். முதல் பக்கம் மூன்று நிமிடம், மறுபக்கம் இரண்டு. மறுபக்கத்துக்குத் தீயை இன்னும் கொஞ்சம் குறைப்பது என் வழக்கம்.

எடுக்கும்போது நிறம் உங்களுக்குத் தேவையானதைவிட ஒரு படி வெளிறியிருக்கும்போதே எடுத்துவிடுங்கள், வெளியே வந்த பிறகும் சிவக்கும். தாளில் போட வேண்டாம், ஒட்டிக்கொண்டு உரியாது. கம்பித் தட்டிலோ, சல்லடைக் கரண்டியிலோ வடியவிட்டு, சூடாக இருக்கும்போதே விரல் நுனியில் எடுத்த உப்பைத் தூவுங்கள். இனிப்புக்கு உப்பா என்று தயங்காதீர்கள். உப்பு படாத துண்டையும் பட்ட துண்டையும் அடுத்தடுத்துத் தின்று பார்த்தால் பிறகு உப்பில்லாமல் செய்யவே மாட்டீர்கள்.

இந்த உப்பு ஆச்சி சொல்லிக் கொடுத்ததல்ல. பெங்களூரில் இருந்தபோது மாடி வீட்டில் இரண்டு நைஜீரிய மாணவர்கள் தங்கியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கிருந்து வரும் வாசனை எங்கள் வீட்டுப் பின்கட்டு வாசனை. கேட்டுவிட்டேன். அவர்கள் ஊரில் அதன் பெயர் டோடோ. மாவு கிடையாது, சர்க்கரை கிடையாது, நன்றாகக் கறுத்த பழம், உப்பு, எண்ணெய், அவ்வளவுதான். சோற்றோடும் காரமான தக்காளிக் குழம்போடும் வைத்துச் சாப்பிடுவார்கள். ஐவரி கோஸ்டில் இதே பண்டம் அலோக்கோ. கானாவில் இஞ்சியும் மிளகாயும் புரட்டிப் பொரித்தால் கெலவெலே, அதைத் தெருவோரம் வேர்க்கடலையோடு விற்பார்கள். கியூபா பக்கம் போனால் பிளாத்தானோஸ் மதூரோஸ், பழுத்தது என்றுதான் அதற்கு அர்த்தம். வெனிசுவேலாவில் சோறு, கறுப்பு பீன்ஸ், பிய்த்த மாட்டிறைச்சி இவற்றோடு நான்காவதாகத் தட்டில் பொரித்த பழம் இருந்தால்தான் அவர்களுடைய தேசிய உணவு முழுமை. வாழை அமெரிக்காவின் பயிரே அல்ல. தென்கிழக்கு ஆசியா, நியூகினி பக்கம் பிறந்து, ஆப்பிரிக்காவில் ஊன்றி, கேனரித் தீவுகள் வழியாக 1516இல் தோமாஸ் தே பெர்லாங்கா என்ற ஸ்பானியப் பாதிரியார் கையால் கரீபியனுக்குப் போனதாக வரலாறு. இத்தனை தூரம் போயும், இத்தனை மொழியில் பெயர் மாறியும், தோல் கறுக்கும்வரை காத்திரு என்ற விதி மட்டும் எங்கேயும் மாறவில்லை. எனக்கு இதில் ஒரு பெரிய சந்தோஷம்.

நம் பக்கம் இதை மாவில் முக்கிப் பொரிப்பதுதான் பிரபலம். குமரி டீக்கடைகளில் பழபஜ்ஜி, திருவனந்தபுரம் பக்கம் ஏத்தக்கா அப்பம், எர்ணாகுளம் தாண்டினால் பழம்பொரி. அதையும் செய்வீர்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இதற்குப் பழம் ஒரு படி முந்தைய நிலையில் இருக்கலாம், புள்ளி விழுந்து இன்னும் திட்டாகாத பழம். ரொம்பக் கறுத்தது மாவுக்குள் நீர் விட்டு, பூச்சு கழன்றுவிடும். பழத்தைக் குறுக்கே இரண்டாக்கி, ஒவ்வொரு பாதியையும் நீளவாக்கில் மூன்றாகச் சீவுங்கள். ஒரு கப் மைதாவுக்கு இரண்டு மேசைக்கரண்டி அரிசிமாவு, ஒன்றரைக் கரண்டி சீனி, நிறத்துக்கு மஞ்சள்தூள், ஒரு சிட்டிகை உப்பு, பிடித்தால் கொஞ்சம் கறுப்பு எள். தண்ணீர் முக்கால் கப்பை ஒட்டிப் பிடிக்கும், இட்லி மாவுப் பதம். கரண்டியில் எடுத்துக் கவிழ்த்தால் கனமாக விழ வேண்டும். ஒரு கரண்டி புளித்த தோசைமாவு கலந்து அரைமணி நேரம் வைத்தால் சோடா உப்பு போடாமலே உப்பி வரும். டீக்கடைக்காரர்கள் சிலர் செய்வது இதுதான். இதற்கு எண்ணெய் நிறைய வேண்டும், சூடும் 170 வேண்டும், ஏனென்றால் இங்கே நாம் சிவக்க வைப்பது மாவை. பழம் அதற்குள் ஆவியில் வேகிறது.

மாவும் வேண்டாம், அவ்வளவு எண்ணெயும் வேண்டாம் என்றால் நெய்யில் வாட்டுங்கள். ஒரு பழத்துக்கு இரண்டு தேக்கரண்டி நெய், மெல்லிய தீ, இரண்டு பக்கமும் சிவந்ததும் ஒரு கைப்பிடி தேங்காய்த் துருவலைத் தூவி ஒரு புரட்டு, ஏலக்காய்ப் பொடி. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைக்கு இதைவிட நல்லதாக எனக்கு எதுவும் தெரியாது. வீட்டில் சர்க்கரை வியாதி உள்ளவர்கள் இருந்தால் அவர்களுக்கு இரண்டு துண்டோடு நிறுத்திவிடுங்கள். மேலே சர்க்கரை போடவில்லை என்பதால் பழத்தில் சர்க்கரை குறைவு என்று ஆகாது, கறுத்த பழத்தில் அது உச்சத்தில் இருக்கிறது.

நேந்திரன் கிடைக்காத ஊரில் இருந்தால் என்ன செய்வது என்றும் கேட்பார்கள். பூவன், ரஸ்தாளி, கற்பூரவள்ளி எதுவும் சரிவராது. அவற்றில் மாவு தீர்ந்து நீர் மிஞ்சியிருக்கும், சூட்டில் குழைந்து எண்ணெயில் கரைந்துவிடும். நேந்திரன் முழுக்கப் பழுத்த பிறகும் கொஞ்சம் மாவைத் தக்கவைத்துக்கொள்கிறது. துண்டு உருக்குலையாமல் நிற்பது அந்த மிச்ச மாவால்தான். ஒன்றும் கிடைக்காவிட்டால் கொஞ்சம் கெட்டியான செவ்வாழையை நெய்யில் வாட்டலாம். ருசி வேறு, ஆனால் கெடாது.

பொரித்த எண்ணெயை ஆறியதும் வடிகட்டி, ஓரிரு நாளில் தாளிப்புக்குத் தீர்த்துவிடுங்கள். பாகுத் துணுக்குகள் அதில் கிடந்தால் அடுத்த முறை அவைதான் முதலில் கருகும். மிச்சமான துண்டுகளை மறுநாள் எண்ணெய் இல்லாமல் தோசைக்கல்லில் சூடாக்கினால் மறுபடி பொருக்குக் கட்டும். மைக்ரோவேவில் வைத்தால் கூழ்.

அப்புறம், வேலை நெருக்கடியில் பழத்தை மறந்துவிட்டு, தோல் முழுக்கக் கரிக்கட்டையாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். தூக்கிப் போடாதீர்கள். தோலைப் பிரித்து முகர்ந்து பாருங்கள். சாராய நெடியும் பூஞ்சையும் இல்லையென்றால் பழம் நன்றாகவே இருக்கிறது, துண்டாக நிற்காது, அவ்வளவுதான். கையால் மசித்து, பிடிக்கிற அளவு அரிசிமாவும் கொஞ்சம் தேங்காயும் சுக்குப்பொடியும் சேர்த்து, குழிப்பணியாரச் சட்டியில் நெய் விட்டு ஊற்றுங்கள். வெல்லம் சேர்க்க வேண்டியிருக்காது.